ஓடுபாதையில் முட்டையிட்ட ஆட்காட்டி

போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று முட்காடாகிக் கிடந்தது. அதன் ஓடுபாதையில் மிஞ்சியது ஒரே ஒரு கான்கிரீட் பாளம். அதன்மேல், சரளைக்கல்லோடு கல்லாக, ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய தளங்களைத் தேடி அலையும் கூட்டம் ஒன்று அளவு டேப்போடு வந்து சேர்ந்தது.

"என்னைத்தான் தேடுறாங்க! எத்தனை வருஷமா காத்துக் கிடக்கேன்!" என்று பாளம் பூரித்தது.

"வாயை மூடு! மிதிச்சாங்கன்னா என் முட்டை கூழாயிடும்" என்று சீறிய குருவி, எதிர்ப்பக்கம் ஓடி, இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு கத்தியது. பரிதாபப்பட்டு அதன் பின்னாலேயே போன கூட்டம் புதரை விலக்கினால், உள்ளே ஓர் இடிந்த சுவர்.

"கட்டுப்பாட்டு அறைடா!" என்று ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். அளந்தார்கள், படமெடுத்தார்கள், பூரிப்போடு கிளம்பினார்கள்.

பாளம் கொதித்தது. "அடிப்பாவி, அது சிப்பாய்ங்க கக்கூஸ்! அதுக்கா இவ்வளவு மரியாதை?"

"உன் பேர் பெருசா, என் பிள்ளை பெருசா? நீயே சொல்லு."

பாளம் திட்ட வாயெடுத்தது. அதற்குள் தன் முதுகில் ஒரு முட்டை மெல்ல விரிசல் விடுவது அதற்குத் தெரிந்தது.

"சரி சரி, கத்தாதே" என்றது பாளம், குரலைத் தாழ்த்தி. "அடுத்த வாரமும் அவங்களைக் கக்கூஸுக்கே கூட்டிட்டுப் போ. இங்கே குஞ்சு பொரியுது."