மடைநாச்சி கேட்ட காணிக்கை

“என் சாமியை ஒருத்தன் திருடிட்டான் மேடம்” என்றான் இளம்பரிதி.

எஸ்.ஐ. ஷமீரா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்தக் கோயில் சிலை?”

“சிலை இல்ல மேடம். நான் கற்பனையில உண்டாக்கின சாமி.”

தஞ்சாவூரில் ஒரு மாடியறையில் ஐந்து பேரை வைத்துக்கொண்டு மொபைல் கேம் தயாரிப்பவன் இளம்பரிதி. அவனுடைய கேமில் மடைநாச்சி என்று ஒரு தெய்வம். அவளைக் கும்பிடும் பொல்லாத ரகசியக் கூட்டம் ஒன்று. அந்தக் கூட்டத்தார் இடது கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டியிருப்பார்கள். “மடை திறக்கும்” என்று ஒருவர் சொன்னால், “வெள்ளம் வரும்” என்று அடுத்தவர் பதில் சொல்ல வேண்டும்.

கேம் சக்கைப்போடு போட்டது. இரண்டாம் பாகம் எப்போது என்று ஆளாளுக்குக் கேட்க, அதற்குக் கதை அமையாமல் அவன் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்தது. அம்மாப்பேட்டைக்கு அப்பால், மூடிக்கிடக்கும் ரைஸ்மில் ஒன்றில், தாடிவைத்த ஒருவர் மடைநாச்சிக்குத் தீபம் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஏழெட்டுப் பேர், ஒற்றைக் கண் கட்டோடு!

“என் கேமை வெச்சு ஜனங்களை ஏமாத்திக் காசு புடுங்குறான் மேடம்.”

“காசு வாங்கினதை நீங்க பார்த்தீங்களா?”

“சும்மாவா ஒருத்தன் அவ்வளவு தாடி வளர்ப்பான்?”

அது ஷமீராவுக்கு நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை அக்கா தம்பி போல இருவரும் கிளம்பினார்கள். ஷமீரா சுடிதாரில் இருந்தார்.

“காணிக்கைன்னு அவன் வாயைத் திறந்ததும் நீங்க இருமுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்” என்றவர், மில் வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “முகத்தைக் கொஞ்சம் பக்தியா வெச்சுக்குங்க சார். வரப்புத் தகராறுக்கு வந்த மாதிரி இருக்கு.”

வாசலில் நின்ற பெண்மணி கை கூப்பினார். “மடை திறக்கும்.”

“வெள்ளம் வரும்” என்று பல்லைக் கடித்தபடி சொன்னான் இளம்பரிதி.

உள்ளே பழைய தவிட்டு வாசனை. வீடியோவில் கண்ட தாடிச் சாமியார் ஒரு சாக்கின்மேல் சம்மணமிட்டிருந்தார். சுற்றிலும் பக்தர்கள். ஷமீராவின் பார்வை மூலை முடுக்கெல்லாம் போய்வந்தது.

“உண்டியலைக் காணோமே தம்பி?” என்று கிசுகிசுத்தார்.

“உள்ள எங்கயாவது பதுக்கியிருப்பான்.”

சாமியாரை முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவது என்று இளம்பரிதி தீர்மானித்திருந்தான். “சாமி, எதுக்காக இடது கண்ணைக் கட்டிக்கறோம்?”

காரணம் அவனுக்குத்தான் தெரியும். கேமுக்காக ஓவியர் வரைந்த முகத்தில் இடது கண் மட்டும் இமைக்க மறுத்தது. வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டதால் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள்.

சாமியார் லேசாகச் சிரித்தார்.

“மடைநாச்சி ஒரு காலத்துல மடைக்காவல்காரி தம்பி. ஆத்துல ரெண்டு பக்கமும் மடை. இடது மடையைத் திறந்தா அவ பொறந்த ஊர் முழுகும். வலது மடையைத் திறந்தா அவ வாக்கப்பட்ட ஊர் முழுகும். ஒரு ஐப்பசி அடைமழையில ஆறு கரையைத் தொட்டுருச்சு. ரெண்டுல ஒண்ணைத் திறக்கலைன்னா கரை உடைஞ்சு ரெண்டு ஊருமே போயிடும். பொறந்த ஊரைப் பார்த்தா கை நடுங்குதுன்னு, அந்தப் பக்கத்துக் கண்ணை முந்தானையைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டா...”

இளம்பரிதிக்கு உடம்பு சிலிர்த்தது. தான் அவசரத்தில் ஒட்டிய துணிக்குள் இப்படி ஒரு பெண்ணா!

சாமியார் சொல்லச் சொல்ல, மழையும் இருட்டும் இரண்டு கரைகளிலும் கத்துகிற ஜனங்களும் கண்முன் வந்தார்கள். நாச்சியின் அண்ணன் இந்தக் கரையில் அரிவாளோடு நிற்கிறான். புருஷன் அந்தக் கரையில் கைக்குழந்தையோடு நிற்கிறான். வந்த வேலை இளம்பரிதிக்கு மறந்தே போனது. ஷமீராவும் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்திருந்தார்.

“நாச்சி கண்ணை மூடிக்கிட்டு ஒரு மடையில கையை வெச்சா...”

சாமியார் நிறுத்திவிட்டார்.

“எந்த மடை சாமி?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“அதைச் சொல்லணும்னா காணிக்கை வைக்கணும்.”

இளம்பரிதிக்கு ஒரு நொடி தயக்கமாக இருந்தது. பிறகு வேண்டாவெறுப்பாக இருமினான்.

ஷமீரா எழுந்து அடையாள அட்டையை நீட்டினார். “போலீஸ். எவ்வளவு கேக்கப் போற?”

பக்தர்கள் கண்கட்டை அவிழ்த்துவிட்டு மிரள மிரள விழித்தார்கள். சாமியார் மெல்லத் தாடியைக் கழற்றினார். உள்ளே முப்பது வயதுகூட ஆகாத ஒரு முகம்.

“என் பேர் ரெத்தினம் மேடம். இவங்க எல்லாம் எங்க நாடகக் கோஷ்டி. வீடியோவை சாருக்கு அனுப்பினதே நான்தான். யார்கிட்டயும் சல்லிக்காசு வாங்கலைங்க, காணிக்கையாக் கேக்க நினைச்சது சார் கம்பெனியில கதை எழுதுற வேலை. ஆபீஸுக்கு எத்தனையோ தடவை நடந்துட்டேன், வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்குத்தான் சார் உட்கார்ந்து கேட்டாரு.”

ஷமீரா சிரிப்பை அடக்கிக்கொண்டு இளம்பரிதியின் பக்கம் திரும்பினார். “புகார் கொடுத்தது நீங்க. இவரை எந்த செக்‌ஷன்ல போடலாம் சார்?”

“எங்க ஆபீஸ்ல கதை செக்‌ஷன்லயே போட்டுடுங்க மேடம்... அதுக்கு முன்னாடி, அவ எந்த மடையைத் திறந்தான்னு கேட்டுச் சொல்லுங்க!”