நன்றியுரை பாக்கி

ஊர் மின் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்ததே மூன்று பேர்தான்: சோலார் தகடு, காற்றாலை, டீசல் ஜெனரேட்டர். புகை விடுகிறதென்று ஜெனரேட்டரை நீக்க ஒருநாள் கூட்டம் போட்டார்கள். மூன்றே பேர் என்றாலும் மைக் இல்லாமல் கூட்டம் நடத்துவது அங்கே வழக்கமில்லை.

தலைவர் சோலார் பேச எழுந்ததும் மேகம் மூடிக்கொண்டது. காற்றும் இல்லை. மைக் அணைந்துபோனது.

"அண்ணே, கொஞ்சம் ஓடுங்களேன். உங்களை நீக்குற தீர்மானத்தை வாசிக்கணும்," என்றது காற்றாலை.

நம்மால் ஒரு நல்ல காரியம் நின்றுபோகக் கூடாது என்று நினைத்த ஜெனரேட்டர் இருமிக்கொண்டே ஓடியது.

"இந்த நிமிடம் முதல் ஜெனரேட்டர் நீக்கப்படுகிறது," என்று வாசித்தது சோலார்.

சங்கத்துக்குக் கட்டுப்பட்ட ஜெனரேட்டர் அந்த நிமிடமே நின்றது. மைக் மறுபடி அணைந்தது.

"அண்ணே," என்றது காற்றாலை மெதுவாக, "நன்றியுரை பாக்கி இருக்கு."