வராத வள்ளத்துக்கு விலை

“சிந்துஜன்ட வள்ளத்துச் சூரை முழுக்க எனக்கு. கிலோவுக்கு எண்ணூறு.”

மீன் முதலாளி றஊப் இப்படி விலை கேட்டபோது கரையில் சூரை மீனும் இல்லை, வள்ளமும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் திருகோணமலைத் துறைமுக வாயைத் தாண்டிப் போன வள்ளங்கள் எல்லாம் விடியவே திரும்பிவிட்டன. சிந்துஜனின் வள்ளம் மட்டும் மத்தியானமாகியும் வரவில்லை. ஃபோனும் வேலை செய்யவில்லை. இரவு காற்று கடுமை. கடற்படைக்குச் சொல்லி, தேடப் போயிருந்தார்கள்.

அவன் மனைவி கீர்த்தனி மணலில் குந்தியிருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் “வந்திடுவான், அழாத பிள்ள” என்றார்கள். அவளுக்கு அது செத்த வீட்டுக் கதையாகவே கேட்டது.

அவளிடம் போய்த்தான் இந்த மனுசன் மீன் விலை பேசினார்.

பக்கத்து வாடிக் கொட்டிலில் மீன் வாங்கும் பாக்கியரத்தினத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கு எடுத்ததற்கெல்லாம் கோபம் வரும். இன்றைக்கு வந்தது நியாயமான கோபம்.

“றஊப், உமக்கு நெஞ்சில ஈரமே இல்லையா? அந்தப் பிள்ளை இருக்கிற நிலையில...”

றஊப் திரும்பியும் பார்க்கவில்லை. “என்ன தங்கச்சி, பேசாம இருக்கிறீங்க? எண்ணூறுக்குத் தருவீங்களா?”

கீர்த்தனி தலையை நிமிர்த்தினாள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனுக்கும் விலை சொல்லாத ஆள் றஊப். கரையே அதற்காக அவரைத் திட்டும். கையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“எண்ணூறுக்கு ஏலாது, றஊப் நானா. ஆயிரத்துக்குக் குறைஞ்சா அவர் எனக்குத்தான் ஏசுவார்.”

“தொளாயிரம்.”

“ஏலாது. அவர் வந்து சொல்லட்டும்.”

பக்கத்தில் இருந்த பெண் இரண்டாம் தரமாக நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள்.

பாக்கியரத்தினம் றஊப்பை ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“வள்ளத்தைக் கண்டிட்டாங்களா? ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லல்ல.”

“அப்ப ஏன் விலை கேட்டீர்?”

“வருவான் எண்டு நானும் காலையில சொன்னனான், அண்ணன். ஆறுதலுக்குச் சொல்றன் எண்டு நினைச்சு அந்தப் பிள்ளை இன்னும் அழுதுது. விலை கேட்டா, நானா என்னவோ தெரிஞ்சுதான் கேக்கிறார் எண்டு நினைக்கும்.”

“பிறகு பொய்யாப் போனா?”

“எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் தேத்தண்ணி குடிக்கட்டும்.”

பாக்கியரத்தினம் நேரே கீர்த்தனியிடம் போனார்.

“பிள்ள, அவசரப்பட்டு றஊப்புக்குக் குடுத்திடாதீங்க. நான் ஆயிரத்து ஐம்பது தாறன்.”