மதில் தாண்டிய கோழி

பக்கத்து வீட்டுச் சிவப்புக் கோழி நான்காவது முறையாகத் தன் கொல்லையில் வந்து விழுந்தபோது, தையற்காரியே தன் பழைய கத்தரிக்கோலை எடுத்து, அதன் சிறகை வெட்டச் சொல்லி அவ்வீட்டுக்காரனிடம் கொடுத்தாள்.

மறுநாள் அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு, சாவியை விரலில் சுழற்றியபடி அவள் கொல்லைக்கு வந்தான்.

“இந்தாங்கக்கா உங்க கத்தரி. ரெண்டு றெக்கையும் ஒட்ட வெட்டிட்டேன். இனி ஒரு முழம்கூட எழும்பாது.”

“உன் தங்கச்சி பாத்தா அழுவா. பிள்ளை மாதிரி வளத்தாளே. எப்ப வரா?”

“பெரியம்மா வீட்லயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். இப்ப நான் ஒத்தக்கட்டைதான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டா.”

“ஊமை எப்படிக்கா சொல்லுவா?” என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அப்போது மதிலுக்கு அப்பால் சிறகுகள் படபடத்தன. ஆளுயரத்தினும் மிக்க அம்மதிலின் மேலாக வந்த சிவப்புக் கோழி, கவணிலிருந்து எறிந்த கல்லைப்போல இருவருக்கும் நடுவே விழுந்தது.

தையற்காரி அதைத் தூக்கிச் சிறகுகளை விரித்துப் பார்த்தாள். இரு பக்கமும் இறகுகள் அடியோடு வெட்டப்பட்டிருந்தன. அந்த ஒன்றில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை.

“கோழியக் குடுங்கக்கா.” அவன் ஓரடி முன்னால் வந்தான்.

அவள் கோழியை இடக்கையில் அணைத்துக்கொண்டாள். வலக்கையில் கத்தரிக்கோல் இருந்தது.

“சாவியக் குடு தம்பி. கோழிய நானே உன் தங்கச்சி கையில குடுத்துட்டு வரேன்.”