பூவையின் காதில்

குழியில் வைக்கும் முன் துணியை விலக்கி மகளைப் பார்த்தான். காது இத்தனூண்டு இருந்தது.

"பேர் வெச்சாச்சா தம்பி?" குழி வெட்டிய பெரியவர் மண்வெட்டியை ஊன்றியபடி கேட்டார். "வெச்சிருந்தா காதுல மூணு தரம் சொல்லிடு. அப்புறம் மூடிடலாம்."

பேர் இருந்தது.

அவள் வயிற்றில் இருந்தபோது சமையலறை ஜன்னலுக்குத் தினமும் மைனா வரும். அது கத்தினால் போதும், உள்ளே உதைப்பாள். அவன் மைனா என்றே கூப்பிட ஆரம்பித்தான். அவன் மனைவி அமுதவல்லிக்கு அது பொறுக்கவில்லை. எம்.ஏ. தமிழ் ஆயிற்றே!

"மைனா வடக்கேருந்து வந்த பேருங்க. நம்ம பழைய பேரு பூவை. பொண்ணையும் பூவைன்னுதான் சொல்வாங்க. அந்தக் காலத்துல வீட்ல வளர்த்துப் பேசக் கத்துக்குடுப்பாங்களாம்."

"அப்ப உன்னை மாதிரி வாயாடியாத்தான் பொறக்கும்."

சிரித்தாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது, பூவை.

விஷயம் தெரிந்ததும் அவன் அம்மா வீட்டை ரெண்டாக்கிவிட்டாள். பிறக்காத பிள்ளைக்கு எவளாவது பேர் வைப்பாளா?

பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பேர் வைக்கும் நாள்வரை பொறுக்கவில்லை. இன்று விடியும்போது போய்விட்டாள்.

அமுதவல்லி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அழுதபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பேர் சொல்லி அனுப்பணும்.

வாசலில் அம்மா மறித்தாள். பேர் சொல்லிப் புதைத்தால் அது நம் வீட்டையே சுற்றிச் சுற்றி வரும், அடுத்ததும் தங்காது என்றாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு அழுகைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான், பாவி!

"வைக்கலைங்க," என்றான்.

பெரியவர் மண்வெட்டியை எடுத்தார். மண் விழுந்தது.

ஒரு சொல். சொன்னால் என்ன, வாயில் கொழுக்கட்டையா இருந்தது? அவனுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அமுதவல்லி விழித்திருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது.

"சொன்னீங்களா?"

தலையாட்டினான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படிச் சொன்னீங்க? எனக்குச் சொல்லிக் காட்டுங்க."

ஓடி ஒளிய இடமில்லை.

குனிந்தான். அவள் காதருகே வாயை வைத்து, "பூவை" என்றான்.

இரண்டாம் முறை சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டான்.

அவள் அவன் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் முறை அவளே சொன்னாள்.