ஹல்வாருக்கு லீவு இல்லை

“இதுக்குள்ளயா பொண்ணைப் படுக்க வைக்கப் போறீங்க?” என்று கேட்டபடியே ஹல்வார் கேரவனின் உள்சுவரை விரலால் அழுத்தினார். விரல் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது.

ஸ்டியானுக்குச் சுருக்கென்றது. படுக்கப்போவது அவன் பெற்ற மகள். கேட்பதோ, அவனைப் பிரிந்துபோன அவளுடைய அம்மா சில்யேவைக் கட்டிக்கொண்டவர்.

“சரி பண்ணத்தானே போறேன்.”

“தண்ணி இறங்கி மரமெல்லாம் உளுத்துப் போச்சு ஸ்டியான். மேல பெயிண்ட் அடிச்சா மட்டும் ஆகாது.”

“தெரியும் சார். நீங்க கிளம்புங்க.”

காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகிற பழைய கேரவன் அது. விவாகரத்துக்குப் பிறகு மழையிலும் பனியிலும் கொல்லையில் கேட்பாரற்றுக் கிடந்தது. கார்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் படகில் வேலை பார்க்கும் ஸ்டியானுக்கு ஜூலை என்றால் மூச்சுவிட நேரமிருக்காது. இந்த வருடம் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தான். எட்டு வயது மகள் தீரிலை ரூண்டே தீவுக்குக் கூட்டிப்போய்ச் சிவப்பு மூக்குப் பறவைகளைக் காட்ட வேண்டும். அப்பாவும் மகளும் மட்டும்.

அதே வாரம்தான் சில்யே வீட்டில் கிரீஸுக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். எங்கே போவது என்பதைத் தீரில் தானே முடிவு செய்யட்டும், குழந்தைக்கும் உரிமை உண்டு என்று பெரியவர்கள் மூவரும் ரொம்பப் பெருந்தன்மையாகப் பேசி வைத்திருந்தார்கள்.

ஸ்டியான் சுவரைப் பிரித்தான். உளுத்த மரத்தை எடுத்துப் புது மரம் வைத்தான். ஜன்னல் ரப்பரை மாற்றினான். மெத்தைக்குள் குடும்பம் நடத்திய எலிகளைக் காலி செய்தான்.

தீரிலை அழைத்துப்போக வரும்போதெல்லாம் ஹல்வார் எதையாவது நோண்டினார்.

“டயர்ல வெடிப்பு விட்டிருக்கே.”

“இந்த கேஸ் ஹீட்டரைப் பத்த வைக்காதீங்க. ராத்திரி தூக்கத்துலயே போயிடுவீங்க.”

ஸ்டியான் பல்லைக் கடித்துக்கொண்டு டயரை மாற்றினான். ஹீட்டரைக் கழற்றி எறிந்தான். பாழாய்ப்போன மனுஷன் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான் அவனுக்கு எரிச்சல்.

ஒருநாள் கேரவனுக்குள் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தான். தீரில் புது மெத்தையில் குப்புறப் படுத்திருந்தாள்.

“அப்பா, நான் கிரீஸ் போனா நீ அழுவியா?”

“சேச்சே. நான் எதுக்கு அழறேன்?”

“உன்கூட வந்தா அம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. எனக்கு வயித்தை வலிக்குதுப்பா. தினமும் வலிக்குது.”

“அந்த ஆளு கண்டதையும் வாங்கிக் குடுத்திருப்பான்.”

வாசலில் யாரோ கனைத்தார்கள். ஹல்வார்.

“எவ்வளவு நேரமா நிக்கறீங்க?”

“இப்பத்தான் வந்தேன்” என்றவர், கூரையைப் பார்த்தார். “அந்த மூலையில இன்னும் ஒழுகுது போலிருக்கே.”

அடுத்த வாரம் தீரிலைக் கொண்டுவந்து விட்டபோது ஹல்வார் கேரவன் பக்கமே போகவில்லை. காரை விட்டு இறங்கியதும் தீரிலின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“கிரீஸ் இல்லம்மா. ஃபேக்டரியில அவசர ஆர்டர். எனக்கு லீவு தரமாட்டேங்கறாங்க. நீ அப்பாகூடப் போயிட்டு வா.”

சில்யே காரிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. நல்ல சண்டை போலிருக்கிறது என்று ஸ்டியான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனான்.

அவர்கள் போனதும் மகளைத் தூக்கிச் சுற்றினான். “பாத்தியா? அந்த ஆளுக்கு வேலைதான் பெண்டாட்டி, பிள்ளை எல்லாம்!”

“பாவம்பா” என்றாள் தீரில். ஆனால் அன்று மூன்று சாசேஜ் சாப்பிட்டாள். வயிற்று வலி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

கிளம்புகிற நாளும் வந்தது. கேரவன் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் பளபளத்தது.

“அப்பா, சோபா ஃபேக்டரி வழியாத்தானே போறோம்? ஹல்வாருக்கு டாட்டா சொல்லிட்டுப் போலாம்.”

“அதெல்லாம் எதுக்கு?”

“பாவம், அவர் மட்டும் வேலை செய்யறார்.”

வேண்டாவெறுப்பாக வண்டியை ஓரம் கட்டி, அவளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கினான்.

கேட் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு வண்டிகூட இல்லை. கேட்டோரம் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரைத் தேடறீங்க?”

“ஹல்வார். அவசர ஆர்டர்னு...”

அவள் சிரித்துவிட்டாள். “ஜூலையில இங்க எந்த ஃபேக்டரி ஓடுது? எல்லாருக்கும் ஒண்ணா லீவு விட்டாச்சு. நீங்க வெளியூரா?”

ஸ்டியான் அதே ஊர்க்காரன்தான். வருடா வருடம் அந்த லீவுக்காரர்களைப் படகில் ஏற்றி இறக்கியவன். தனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் அது அவனுக்கு உறைக்கவே இல்லை.

“ஹல்வார் என் பக்கத்து வீடுதான். காலையிலகூட புல்லு வெட்டிக்கிட்டிருந்தாரே” என்றாள் அவள். “கிரீஸ் போறதா இருந்தாங்களாம். அந்தக் குழந்தை யாரையும் தேர்ந்தெடுக்க வேணாம்னு இவரே டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டாராம். சில்யே சொல்லி அழுதா.”

இரண்டு மாதமாக மகளின் வயிற்று வலியைக் கேட்டுக்கொண்டேதான் ஸ்டியான் கேரவன் சுவரைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான்.

“அப்பா! ஹல்வார் இருக்காரா?” தீரில் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிக் கத்தினாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு காருக்கு வந்தான்.

“இருக்கார்டா கண்ணு. வேலை தலைக்கு மேல இருக்காம் அவருக்கு. உன்னை நல்லா சுத்திப் பாத்துட்டு வரச் சொன்னார்.”

ஹல்வாரைப் பற்றி மகளிடம் அவன் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.