சுவிசுக்குப் போன கருவாடு

“பனையோலைக் கடகத்திலை கருவாடு சுமந்து வித்த மனுசி. இண்டைக்கு அவவின்ரை முகம் சுவிஸ் கடையளிலை அடுக்கியிருக்கு!”

கோபிசங்கர் சேர் திரையைக் காட்டியதும் மண்டபம் கைதட்டியது. திரையில் பச்சைப் பட்டுச்சேலை கட்டிய பெண் ஒருத்தி, வெயிலே படாதது போன்ற முகத்தோடு, வரிசையாக அடுக்கிய கண்ணாடிப் போத்தல்களுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“அனலைதீவு பிலோமினம்மா. சூடை, றால், திருக்கை எண்டு கண்டதையும் வித்துக்கொண்டு திரிஞ்சவ. எல்லாத்தையும் விடச் சொன்னனான். கட்டா மீன் கருவாடு மட்டும். போத்திலிலை அவவின்ரை பேர், முகம். அதுவும் மணமே இல்லாத கருவாடு! இப்ப பிலோமினம்மா எண்டால் கருவாடு, கருவாடு எண்டால் பிலோமினம்மா. இதுக்குப் பேர்தான் பிராண்ட்!”

“மணக்காட்டி அது என்ன கருவாடு?”

யூலியானாவின் காதுக்குள் இப்படிக் கேட்டது பக்கத்துக் கதிரைக்காரி. வள்ளம் பிந்திவிட்டதென்று சொல்லிக்கொண்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், உப்பில் வெடித்த கைகள்.

தனியாளாகத் தொழில் செய்பவர்களுக்கு ஊர்காவற்றுறையில் நடந்த ஒருநாள் பயிற்சி அது. யாழ்ப்பாணத்திலிருந்து காரில் வந்திருந்த சேர், அந்த வெக்கையிலும் கோட்டைக் கழற்றவில்லை. ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார். யூலியானாவின் முறையும் வந்தது.

“நீங்கள் என்ன செய்யிறியள்?”

“தைக்கிறனான் சேர்.”

“என்ன தைக்கிறியள்?”

“எல்லாம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, பிளவுஸ், சேர்ச் பிள்ளையளின்ரை உடுப்பு, யன்னல் சீலை...”

“யன்னல் சீலை!” சேர் சிரித்தார். மண்டபமும் சேர்ந்து சிரித்தது. “எல்லாம் தைக்கிறவவை ஒருத்தரும் ஞாபகத்திலை வைச்சிருக்கமாட்டினம் தங்கச்சி. இனிக் கலியாண பிளவுஸ் மட்டும். மற்றதெல்லாத்தையும் இண்டைக்கே விடுங்கோ. உங்களைப் படமெடுத்து விளம்பரம் செய்யிறது என்ரை வேலை. இந்த ஒப்பந்தத் தாளிலை ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ, காணும்.”

முகம் சிவக்கத் தாளை வாங்கிக்கொண்டு யூலியானா உட்கார்ந்தாள். ஒன்பது வருடமாகக் கழுத்து வலிக்கத் தைத்ததெல்லாம் ஒரு நிமிடத்தில் பகிடியாகிவிட்டது.

“இந்தத் தீவிலை வருசத்துக்கு எத்தினை கலியாணம் பிள்ளை நடக்குது?” பக்கத்துக் கதிரை விடவில்லை. “நடக்கிற ஒண்டு ரெண்டுக்கும் கனடாவிலையிருந்தெல்லே தைச்சுக்கொண்டு வருகினம்.”

யூலியானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானும் முன்னேறாமல் முன்னேறினவளையும் பொறுக்காமல் இருக்கிற இப்படியான ஆட்கள் தன் வீட்டு ஒழுங்கையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

“பிலோமினம்மாவும் எங்களை மாதிரி இருந்துதானே அன்ரி சுவிஸ்வரைக்கும் போனவ?”

“ஓமோம். எந்த வள்ளத்திலை போனவவாம்?”

அந்த இளக்காரம்தான் யூலியானாவுக்கு வீம்பைக் கிளப்பியது. தேநீர் இடைவேளையில் முற்றத்து வேம்பின்கீழ் நின்று பள்ளிக்கூடத்துச் சிஸ்டருக்குப் போன் எடுத்தாள்.

“சிஸ்டர், வாற தவணைக்கான வெள்ளைச் சட்டையளை வேறை ஆரிட்டையும் குடுங்கோ. நான் இனிக் கலியாண பிளவுஸ் மட்டும்தான் தைக்கிறது.”

சிஸ்டர் “சரி பிள்ளை. போன கிழமையும் ஒராள் வந்து கேட்டவ, அவவுக்குக் குடுக்கிறன்” என்றார்.

போனை வைத்தபோது யூலியானாவுக்குப் பெரிய காரியம் செய்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. திரும்பினால், பிளேன்ரீக் கோப்பையும் கையுமாக அந்த அம்மா நின்றார்.

“சொல்லிப்போட்டீரோ?”

“ஓம். சொல்லிப்போட்டன்.”

இந்த முறை அவர் பகிடி பண்ணவில்லை. “அவசரப்பட்டிட்டீர் பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பின்னேரம் சான்றிதழ் கொடுத்தார்கள். சேர் பேரைக் கூப்பிடுவதும், கைகுலுக்குவதும், கமெராவைப் பார்த்துச் சிரிப்பதுமாக முப்பது பேருக்கும் கொடுத்து முடிந்தது. யூலியானா தாளை மடியில் விரித்து, கையெழுத்து வைக்கப் பேனையைத் திறந்தாள். அப்போதுதான் பக்கத்துக் கதிரைக்காரி எழும்பி மேடைக்குப் போனார்.

“அம்மா, நீங்கள் பிந்தி வந்தபடியால் உங்கடை பேர் பதியேல்லை” என்றார் சேர். “என்ன தொழில்?”

“கருவாடு.”

“அட, கருவாடோ!” சேர் மைக்கை எடுத்துக்கொண்டு திரையைக் காட்டினார். “அப்ப நீங்கள்தான் இவவை வடிவாப் பாக்கவேணும். இவவின்ரை நிமிர்வைப் பாருங்கோ, சிரிப்பைப் பாருங்கோ. நீங்கள் இப்பிடி வர இன்னும் கனகாலம் எடுக்கும் அம்மா.”

மண்டபம் சிரித்தது. அவர் திரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

“பாத்தனான்.”

“நல்லது. பேரைச் சொல்லுங்கோ, சான்றிதழிலை எழுதுவம்.”

“அனலைதீவு பிலோமினம்மா” என்றார் அவர். “மூண்டு வருசமா உமக்குப் போன் எடுக்கிறன் தம்பி; சுவிசுக்கு அனுப்புறன் எண்டு நீர் போனிலையே சொல்லி, ஆரின்ரையோ படத்தை ஒட்டி, என்னைக்கொண்டு அடைப்பிச்ச அறுநூறு போத்திலும் இன்னும் என்ரை அடுப்படிக்குள்ளைதான் கிடக்குது.”